ஜேம்ஸ் டெய்லரும் ஏழாம் நம்பர் மலையும்: கமரா பார்த்த முகமும் பார்க்காத கைகளும்

இலங்கைத் தேயிலையைப் பற்றிய ஓர் ஆவணப்படத்தின் முதல் ஐந்து நிமிடத்தில் என்ன வரும் என்பதை இப்போது பார்க்காமலேயே சொல்லிவிடலாம். பனி மூடிய மலை. அதற்குள்ளிருந்து வரிசையாக வெளிவரும் பெண்கள். தலையில் கயிறு, முதுகில் கூடை. மிக அருகில் காட்டப்படும், கொழுந்து கிள்ளும் விரல்கள். பின்னணியில் ஆங்கிலம் பேசும் ஓர் ஆண் குரல். பிறகு திரை கறுப்பு வெள்ளையாக மாறும். அடர்ந்த தாடியோடு ஒரு வெள்ளைக்காரரின் நிழற்படம் வரும். குரல் அவருடைய பெயரைச் சொல்லும்: ஜேம்ஸ் டெய்லர்.

படத்தில் நாம் கேட்கும் முதற்பெயர் அதுதான். அதற்குப் பிறகு ஒரு தாவரவியலாளர் பேசுவார், தேயிலையைச் சுவைத்துத் தரம் பிரிப்பவர் பேசுவார், கம்பனி அதிகாரி பேசுவார். ஒவ்வொருவருக்கும் திரையின் கீழே பெயரும் பதவியும் எழுதப்படும். கொழுந்து கிள்ளிய பெண்கள் நடுநடுவே இரண்டு மூன்று தடவை வந்துபோவார்கள். அவர்களுக்குக் கீழே எதுவும் எழுதப்படாது.

ஊடகக் கற்கையில் இதைப் பேசுவதற்கு நிறையச் சொற்கள் உண்டு. பிரதிநிதித்துவம், பார்வை, குரல் என்று பாடநூல்கள் அடுக்கும். அந்தச் சொற்களை ஒரு பக்கம் வைத்துவிட்டு, படம் கொண்டாடும் அந்த மனிதரின் வாழ்க்கையையே ஒரு தடவை நேராகச் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது. டெய்லரின் வாழ்க்கை படங்கள் காட்டுவதைவிடச் சிக்கலானது, சுவையானதும்கூட. அதை ஒழுங்காகச் சொல்லப் போனால் நம்முடைய ஆட்கள் இல்லாமல் நாலு வரியைத் தாண்ட முடியாது.

பேராதனையிலிருந்து கலஹா வழியாக ஏறும் வீதி தெல்தோட்டைக்குப் போகிறது. சின்ன நகரம். கடைத்தெருவில் தோட்டத்துத் தமிழ், முஸ்லிம் கடைக்காரரின் தமிழ், சிங்களம் மூன்றும் ஒரே நேரத்தில் காதில் விழும். அதற்கப்பால் ஹேவாஹெட்டப் பக்கமாக உயரும் மலைகளில்தான் லூல்கந்துர தோட்டம் இருக்கிறது. சிங்களத்தில் லூலா என்றால் விரால் மீன், கந்துர என்றால் ஓடை. டெய்லர் வாழ்ந்த மரக்குடிலில் மிஞ்சிய புகைபோக்கியும், அவர் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்ப்பார் என்று சொல்லப்படும் கல்லிருக்கையும் சுற்றுலாப் பயணிகளுக்காகப் பேணப்படுகின்றன. அங்கே ஏழாம் நம்பர் மலை என்றொரு மலை உண்டு. தோட்டத்தில் மலை என்றால் தேயிலை நட்ட ஒரு துண்டு நிலம் என்று பொருள். 1867இல் அங்கே 19 ஏக்கரில் தேயிலை நடப்பட்டது. இலங்கையின் வர்த்தகத் தேயிலைக்கு அதுதான் தொடக்கம்.

நட்டவர் என்று சொல்லப்படுபவர் 1835 மார்ச் 29இல் ஸ்கொட்லாந்தில், ஓக்கன்பிளே என்ற ஊருக்கு அண்மையில் பிறந்தார். தகப்பன் வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். சிறு வயதிலேயே தாயை இழந்தார். படிப்பில் கெட்டிக்காரர் என்பதால் 14 வயதளவில் பள்ளியில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் மாணவ ஆசிரியரானார். மேலே படிக்க வசதியில்லை. தாய்வழி உறவினர் ஒருவர் ஏற்கெனவே இலங்கையில் கோப்பித் தோட்டத்தில் இருந்தார். அந்தத் தொடர்பில் ஆண்டுக்கு 100 பவுண் சம்பளத்துக்கு மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார். 1851 ஒக்டோபரில் கப்பலேறி, 1852 பெப்ரவரியில் கொழும்பில் இறங்கினார். அப்போது அவருக்குப் பதினேழு வயது நிரம்பவில்லை.

ஆவணப்படங்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடும். ஏழைத் தச்சரின் பையன் கடன்பட்ட ஒப்பந்தக்காரனாகக் கப்பலேறினான் என்பதைவிட, முன்னோடி ஒருவர் காட்டுக்குள் நுழைந்தார் என்பது திரைக்கு நன்றாயிருக்கும். டெய்லர் பிரபு குடும்பத்தவரல்லர், விஞ்ஞானியாகப் பயிற்சி பெற்றவருமல்லர். வறுமை பிடித்துத் தள்ளியதால் கடல் கடந்த இளைஞர். அந்த வகையில் அதே ஆண்டுகளில் மறுகரையிலிருந்து வந்துகொண்டிருந்தவர்களோடு அவருக்கு ஓர் ஒற்றுமை உண்டு.

ஒற்றுமை அந்த இடத்தோடு முடிகிறது. அவர் கப்பலில் வந்தார். அவர்கள் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் பக்கங்களிலிருந்து கரைக்கு நடந்து, தோணியில் மன்னாருக்கு வந்து, அங்கிருந்து மறுபடியும் நடந்தார்கள். மடு, வவுனியா, மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை. வன்னியில் இருக்கும் வாசகருக்கு இந்த வழியின் பாதிப் பெயர்களை நான் விளக்கத் தேவையில்லை. காட்டு வழியில் கொலராவும் வயிற்றோட்டமும் காய்ச்சலும் எத்தனையோ பேரைக் கொண்டுபோயின. வழியில் விழுந்தவரை அங்கேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். கண்டிக்கு வந்து சேர்ந்தவர்கள், பயணச் செலவு என்ற பெயரில் கங்காணியிடம் பட்ட கடனோடு தோட்டத்தில் கால்வைத்தார்கள். அந்தக் கடனை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ஆளோடு சேர்த்துத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றும் துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

டெய்லர் முதலில் நாரங்ஹேன தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார். சில வாரங்களில் அடுத்திருந்த லூல்கந்துரவுக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு சாகும்வரை, நாற்பது ஆண்டுகள், அவர் வேறு தோட்டத்துக்குப் போகவேயில்லை. வந்த புதிதில் காடு வெட்டி, பாதை போட்டு, கோப்பி நாற்று வைப்பது வேலை. தமிழ் பழகாமல் எந்தத் துரையாலும் ஒரு நாளையும் ஓட்ட முடியாது. பின்னாளில் சின்னத் துரைமாருக்கென்று வெளிவந்த தமிழ்க் கைநூல் ஒன்றின் பெயரே இங்கே வா என்பதுதான். கட்டளை மொழியாக எங்கள் மொழியைக் கற்றுக்கொடுத்த புத்தகத்துக்கு அதைவிடப் பொருத்தமான தலைப்புக் கிடைத்திருக்காது.

ஸ்கொட்லாந்துக்கு அவர் எழுதிய கடிதங்கள் இன்று அந்நாட்டுத் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அஞ்செலா மெக்கார்த்தியும் ரொம் டிவைனும் 2017இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றுக்கு அவைதான் முதுகெலும்பு. ஒரு தச்சர் மகனின் கடிதங்கள் பத்திரமாக இருப்பதால்தான் அவரைப் பற்றி இவ்வளவு எழுத முடிகிறது. அவரிடம் வேலை செய்தவர்கள் ஊருக்கு என்ன செய்தி சொல்லி அனுப்பினார்கள்? ஆள் மூலம் சொல்லி அனுப்பிய செய்தியை எந்த நூலகமும் வைத்திருப்பதில்லை.

டெய்லரின் திறமையைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. அவர் கூர்ந்து பார்ப்பவர், பரிசோதித்துப் பார்ப்பவர். 1860களில் கோப்பிக்கு அப்பால் வேறு பயிர் தேடியபோது முதலில் சின்கோனாவைப் பிடித்தார். மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னா மருந்து அந்த மரத்தின் பட்டையிலிருந்து வருவது. அதில் பெயரெடுத்த பிறகுதான் தேயிலை. 1866இல் பேராதனைப் பூங்காவிலிருந்து தேயிலை விதையைப் பெற்று வீதியோரமாக நட்டுப் பார்த்தார். அடுத்த ஆண்டு ஏழாம் நம்பர் மலை.

ஆனால் அறிவு ஒரு மனிதரின் மூளையில் மின்னல்போல வருவதாகக் காட்டுவது ஆவணப்படத்தின் பழைய பழக்கம். டெய்லருக்குத் தேயிலை எப்படி வந்தது என்று பின்னோக்கிப் போனால் ஒரு நீண்ட சங்கிலி தெரியும். புசல்லாவையில் வோம்ஸ் சகோதரர்கள் 1841இலேயே சீனத் தேயிலையை நட்டிருந்தார்கள். அதைப் பதப்படுத்தக் கூட்டிவந்த சீனத் தொழிலாளியைப் பற்றி ஒரு சீனன் என்பதற்குமேல் கதையில் எதுவும் வராது. பேராதனைப் பூங்காவின் தலைவர் துவெயிட்ஸ் அசாம் விதையை வரவழைத்து வளர்த்தார். அதே பூங்காவில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் தாவரங்களைத் துல்லியமாக வரைந்தவர் ஹரமானிஸ் டி அல்விஸ் என்ற சிங்களவர். இலங்கைத் தாவரவியலில் ஐரோப்பியர் எழுதிய நூல்களுக்குப் பின்னால் அவருடைய கண் இருக்கிறது. அவரை எத்தனை பேருக்குத் தெரியும்? அசாமில் வெள்ளைக்காரர் தேயிலையைக் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். அதற்கு முன்பே அங்குள்ள சிங்போ மக்கள் அதைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கொழுந்து எடுப்பதையும் வாட்டுவதையும் உருட்டுவதையும் டெய்லருக்குக் காட்டிக்கொடுத்தவர், கச்சார் பகுதியில் தேயிலை பழகி இந்த வழியாக வந்த நோபிள் என்ற தோட்டக்காரர். டெய்லர் தன் பங்களாவின் விறாந்தையையே தொழிற்சாலையாக்கினார். மேசைகளில் வாடிய கொழுந்தைக் குவித்து, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரையிலான கையால் அழுத்தி உருட்டினார்கள். களிமண் அடுப்பில் கரி நெருப்பு மூட்டி, மேலே கம்பித் தட்டு வைத்துக் காயவைத்தார்கள்.

இந்தக் காட்சியில் நான் எப்போதும் நின்றுவிடுகிறேன். இலங்கைத் தேயிலையின் முதலாவது இயந்திரம் மனிதனின் முன்கை. இலை எந்த அளவுக்கு நசியவேண்டும், சாறு எப்போது கையில் ஒட்டும், வாசம் எப்போது மாறும் என்பதெல்லாம் முதலில் அந்தத் தோலில்தான் பதிந்திருக்க வேண்டும். கொழுந்தில் நடக்கும் இரசாயன மாற்றத்தைப் பின்னாளில் ஆய்வுகூடங்கள் விளக்கின. விறாந்தையில் நின்றவர்கள் அதைத் தொட்டு அறிந்தார்கள். டெய்லரும் அவர்களோடு நின்று கற்றார் என்பதை நான் நம்புகிறேன், அவர் அப்படிப்பட்ட வேலைக்காரர்தான். ஆனால் படங்கள் இந்தக் காட்சியை நடித்துக் காட்டும்போது தாடிக்காரர் ஒருவர் தனியாக நின்று இலையை முகர்வார்.

1872இல் அவர் முழு வசதியுடைய தேயிலைச் சாலை ஒன்றை அமைத்து, இலை உருட்டுவதற்குத் தானே வடிவமைத்த இயந்திரத்தையும் வைத்தார். 1873இல் 23 இறாத்தல் தேயிலை லண்டனுக்குப் போனது. 1874இல் அவர் எடுத்த ஒரே விடுமுறையில் டார்ஜிலிங்குக்குப் போனார். அங்கேயும் தேயிலை பார்த்துவிட்டுத் திரும்பினார். கல்யாணம் செய்யவில்லை. கூட்டங்களை விரும்பாதவர் என்று சொல்வார்கள். நல்ல உயரமும் பெருத்த உடலும் கொண்டவர்.

இவ்வளவையும் தாண்டி, தேயிலையை ஒரு நாட்டின் பயிராக்கியது ஒரு பூஞ்சணம். கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொடிபோலப் படியும் துரு நோய் 1869இல் மடுல்சீமைப் பக்கத்தில் முதலில் கவனிக்கப்பட்டது. பத்துப் பதினைந்து வருடங்களில் கோப்பித் தோட்டங்கள் பட்டுப்போயின. 1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளரை இங்கிலாந்திலிருந்து அனுப்பினார்கள். அவர் இரண்டு ஆண்டுகள் இருந்து, நோய் வித்துகள் காற்றில் பரவுவதையும், மைல் கணக்கில் ஒரே பயிரை நட்டதே நோய்க்குப் பாதை திறந்துவிட்டது என்பதையும் காட்டினார். அறிவியல் வரலாற்றில் இது முக்கியமான ஆய்வு, ஆவணப்படங்கள் விரும்பிச் சொல்லும் கதையும்கூட. கடனில் மூழ்கிய தோட்டக்காரரும் திவாலான வங்கியும் அதில் வருவார்கள். சம்பளப் பாக்கியோடு வேலை இழந்த கோப்பித் தொழிலாளர் எங்கே போனார்கள் என்ற கேள்வி அநேகமாக வராது.

டெய்லரிடம் அப்போது மாற்றுப் பயிர் தயாராக இருந்தது. நாட்டின் தேயிலை உற்பத்தி 1873இன் 23 இறாத்தலிலிருந்து 1890இல் ஏறத்தாழ 22,900 தொன்னாகியது.

இங்கேதான் பெண்கள் கதைக்குள் பெருந்தொகையாக வருகிறார்கள். கோப்பி பருவப் பயிர். ஆண்கள் கூட்டமாக வந்து பழம் பறித்துவிட்டு ஊர் திரும்பலாம். தேயிலைக்குப் பருவமில்லை. வாரத்துக்கு ஒருதரம் என்ற கணக்கில் ஒரே செடியில் வருடம் முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். அதற்குக் குடும்பமே தோட்டத்தில் இருக்க வேண்டும். குடும்பத்தை இருத்துவதற்கு லயங்கள் வந்தன. கொழுந்து எடுப்பது பெண்களின் வேலையானது.

பெண்களின் விரல் மெல்லியது, அதனால் அவர்களுக்கு இது இயல்பாக வரும் என்று படங்கள் சொல்லும். தோட்டத்தில் பிறந்த எவரும் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்பது புத்தகத்தில் எளிது. மழையில், சரிவில், அட்டைக்கடியோடு நின்று, எது கொழுந்து, எது முற்றல், எந்தக் கிளையை அடுத்த சுற்றுக்கு விடவேண்டும் என்று நொடிக்கு ஒரு முடிவு எடுப்பது பழகிவரும் அறிவு. பிழையாக எடுத்தால் ஆலையில் எந்த இயந்திரத்தாலும் அதைத் திருத்த முடியாது. தேயிலையின் தரம் பற்றி ஓர் அறிவியல் படம் எடுப்பதென்றால் கேள்வி கேட்க வேண்டிய முதல் நிபுணர் அவர்தான். அவரிடம் மட்டும் எவரும் மைக்கை நீட்டுவதில்லை. தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்து அதிகாரியிடம் நேராகப் போய்விடுவார்கள். அந்த நிலையம் 1925இல் தொடங்கியது. தோட்டத்துப் பெண்களின் அறிவு அதற்கு அரை நூற்றாண்டு முந்தியது. ஆண்களுக்குச் சமமான நாட்சம்பளம் அவர்களுக்குச் சட்டப்படி கிடைத்ததோ 1984இல்.

தோட்டத்துத் தமிழில் பேர் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் இருக்கிறது. ஒரு நாள் சம்பளத்துக்குப் பேர் என்று பெயர். காலையில் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏற வேண்டும். மாலையில் நிறுக்கும்போது கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான் விழும். ஆளின் பெயர் செக்ரோலில் எழுதப்படுவதே அன்றையக் கூலியைக் கணக்குப் பார்ப்பதற்காக. அந்தக் கணக்கில் ஒரு பெண் பாதிப் பெயராகவும் ஆகலாம். உலகத்தின் முன்னே தங்களுக்குப் பெயரில்லை என்ற குறை ஒருபுறம் இருக்க, தோட்டத்துக்குள்ளேயே பெயர் இப்படி ஓர் அளவையாக மாறியிருப்பதை நான் வேறெந்த வட்டார வழக்கிலும் கண்டதில்லை.

படம் பிடித்தவர்களுக்கும் இந்த நோய் ஆரம்பத்திலேயே இருந்தது. டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையைப் பெருக்கிக்கொண்டிருந்த 1875இல் ஜூலியா மார்கரெட் கமரோன் இலங்கைக்கு வந்தார். அவருடைய கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. ஆண்களின் துறையாக இருந்த புகைப்படக் கலையில் தன்னை நிலைநிறுத்திய பெண் அவர். இங்கிலாந்தில் சார்ள்ஸ் டார்வினையும், வானியலாளர் ஜோன் ஹெர்ஷலையும் அவர் எடுத்த படங்கள் இன்றும் அறிவியல் நூல்களில் வருகின்றன. டார்வின் என்றால் நம் மனக்கண்ணில் தோன்றும் முகங்களில் ஒன்று அவருடைய கமராவுக்குள்ளால் வந்தது. அதே கமரா இலங்கையில் தோட்டத் தொழிலாளரையும் ஊர்மக்களையும் பார்த்தது. அந்தப் படங்களுக்குப் பெண், இலங்கை என்ற தோரணையில் தலைப்பு வைக்கப்பட்டது. கூலியும் பதவியும் வேண்டாம், பெயரையாவது கேட்டு எழுதியிருக்கலாம். 1879இல் கமரோன் இங்கேயே இறந்து, பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார். ஒரு பெண் கமராவைப் பிடித்தால் மட்டும் பார்வை மாறிவிடும் என்று நம்பும் என் தோழிகளிடம் நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு.

1934இல் பசில் ரைட் இயக்கிய சோங் ஒவ் சிலோன் வந்தது. உலக ஆவணப்பட வரலாற்றைப் படிப்பவர் எவரும் அதைத் தவிர்க்க முடியாது. அழகான படம், ஒலியைக் கையாண்ட விதத்துக்காக இன்றும் வகுப்புகளில் காட்டுகிறார்கள். அதற்குக் காசு கொடுத்த அமைப்புகளில் ஒன்று இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. அப்படியிருந்தும் படத்தின் உயிர் சிவனொளிபாத மலை யாத்திரையிலும் கண்டி நடனத்திலும் பொலன்னறுவைச் சிலைகளிலும் இருக்கிறது. தேயிலையால் வந்த பணத்தில் எடுத்த படத்தில், அந்தத் தேயிலையை எடுத்த தமிழர் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று சொல்ல இடமிருக்கவில்லை. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. ஒரு படத்தால் ஒரு சட்டம் வந்துவிடாது. ஆனாலும் நாட்டின் அழகான சித்திரம் ஒன்றில் நாம் இல்லாமல் இருப்பது எவருடைய கண்ணையும் உறுத்தவில்லை என்பதை அந்தப் படம் எனக்குக் காட்டுகிறது.

பிறகு நடந்தது வாசகர்களுக்குத் தெரியும். 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று தலைகள் எண்ணிப் பங்கிடப்பட்டன. 1970களில் பஞ்சமும், தோட்டங்கள் அரசமயமானபோது வந்த வெளியேற்றங்களும், 1977இன் வன்முறையும் கண்டி, மாத்தளை மாவட்டத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றை வடக்கே தள்ளின. 1983 மீதியைத் தள்ளியது. மூதாதையர் நடந்துவந்த அதே வழியில் எதிர்த்திசையாகப் போய், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். காந்தியம் போன்ற அமைப்புகள் கை கொடுத்தன. அங்கேயும் காணி உறுதி இல்லாதவர்களாக, கூலிக்குப் போகிறவர்களாகத்தான் பலர் வாழ்ந்தார்கள். 2009இல் முள்ளிவாய்க்கால்வரை நடந்த சனத்தில் அவர்களும் இருந்தார்கள். வன்னியின் இழப்பைப் பேசும்போது மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களைத் தனியே நினைவுகூருகிறோமா என்பதை நாங்கள் எங்களிடமே கேட்கலாம்.

இலங்கைத் தேயிலையின் 150ஆவது ஆண்டு 2017இல் கொண்டாடப்பட்டது. டெய்லரின் தாடி மறுபடி திரைகளுக்கு வந்தது. அதே ஆண்டு பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். அவர்களையும் கமராக்கள் தேடிவந்தன. சுருங்கிய கை, அதில் ஒரு புகைப்படம், கண்ணீர், மிக அருகில். பிறகு கொழும்பிலிருந்தோ ஜெனீவாவிலிருந்தோ ஒரு நிபுணர் பேசுவார், அவருக்குக் கீழே பெயரும் பதவியும் ஓடும். தன் பிள்ளை எந்தத் திகதி, எந்த இடத்தில், எவரிடம் கையளிக்கப்பட்டான் என்று அந்தத் தாய் ஆண்டுக்கணக்காகத் திரட்டிவைத்த விவரம் நிபுணரிடம் இருப்பதில்லை. கொழுந்துக் கூடைக்காரியைப் பார்த்த அதே கோணத்தில்தான் கமரா இவரையும் பார்க்கிறது. அப்படியொரு படப்பிடிப்புக்கு மொழிபெயர்க்கப் போன எனக்கு, அழுகையை மறுபடி எடுக்கலாமா என்ற கேள்வியைத் தமிழாக்கிச் சொல்லும் வேலை வந்தது. நான் சொல்லவில்லை.

மாறாத எதுவுமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மலையகத்து இளைஞர்கள் இப்போது தாங்களே படமெடுக்கிறார்கள். 2023 ஜூலை 28இல் தலைமன்னாரிலிருந்து தொடங்கி ஓகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்த நடைபயணம், இருநூறு ஆண்டுக் கதையைத் தன் காலாலேயே சொல்லியது. வழியில் பேசியவர்கள் தங்கள் பெயரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினார்கள்.

டெய்லரின் கடைசி ஆண்டுகள் அவருக்குச் சாதகமாக இருக்கவில்லை. கோப்பியோடு கடன் கொடுத்த வங்கிகளும் விழுந்தன. லூல்கந்துர கைமாறியது. 1890இல் தோமஸ் லிப்டன் வந்து தோட்டங்களை வாங்கத் தொடங்கினார். தேயிலை அதற்குப் பிறகு பெரிய முதலாளிகளின் விளையாட்டு. 1891இல் தோட்டக்காரர் சங்கம் டெய்லருக்கு வெள்ளித் தேநீர்ச் சாமான்களைப் பரிசளித்துக் கௌரவித்தது. மறு ஆண்டே புதிய நிர்வாகம் அவரை ஆறு மாத விடுமுறையில் போகச் சொன்னது. தனக்கு ஒரு நோயும் இல்லை, போகமாட்டேன் என்று மறுத்தார். வேலையிலிருந்து நீக்கினார்கள். நாற்பது வருட உழைப்புக்கு இதுதான் கிடைத்தது. ஏழாம் நம்பர் மலை ஒருநாளும் அவருக்குச் சொந்தமாக இருந்ததில்லை, அவர் சம்பளத்துக்கு வேலை செய்த துரை. தோட்டத்தை விட்டுப் போகச் சொல்லப்படுவது எப்படியிருக்கும் என்பதை அந்தக் கடைசி வாரங்களில் அவரும் அறிந்தார். கொண்டாட்டப் படங்கள் இந்தப் பகுதியை வெட்டிவிடுவது எனக்கு வியப்பாக இல்லை.

1892 மே 2இல், 57 வயதில் அவர் இறந்தார். காரணம் வயிற்றளைச்சல். லயங்களில் ஒவ்வொரு வருடமும் ஆட்களைக் கொண்டுபோன அதே நோய்.

உடலைக் கண்டி மகியாவை மயானத்துக்குக் கொண்டுசெல்லத் தோட்டத்திலிருந்து 24 ஆட்கள் புறப்பட்டார்கள். பன்னிரண்டு பேராகப் பிரிந்து, நான்கு மைலுக்கு ஒருதரம் தோள் மாற்றினார்கள். பின்னால் கங்காணிமாரும் தொழிலாளரும் நடந்தார்கள், சாமி துரை என்று சொல்லி அழுதார்கள் என்று கதை போகிறது. அழுதிருக்கலாம். நாற்பது வருடம் கூட இருந்த மனிதருக்காக அழாதவர் யார்? ஆனால் அவர்களைப் பற்றி நமக்குச் சொல்லப்பட்டது அந்த அழுகை ஒன்றுதான்.

டெய்லரின் எடை 246 இறாத்தல் என்பது பதிவாகியிருக்கிறது. எத்தனை மைலுக்கு ஒருதரம் தோள் மாற்றினார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. மகியாவையில் அவருடைய கல்லறை இருக்கிறது, தேயிலையையும் சின்கோனாவையும் இந்தத் தீவில் தொடங்கிவைத்தவர் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். அந்த 24 பேரும் அன்றிரவோ மறுநாளோ தெல்தோட்டை மலைகளுக்குத் திரும்பி நடந்திருப்பார்கள். அடுத்த நாள் பிரட்டுக்களத்தில் அவர்களுக்குப் பேர் போட வேண்டுமே.